ஈரானியப் படங்களில் கேமரா ஏன் வீட்டுக்குள் போகத் தயங்குகிறது? பெண்களின் அன்றாடமும் அந்தச் சிக்கனமும்

வாசவி:

ஒரு கார், இரண்டு பேர், நீளமான பேச்சு, பின்னணி இசை கிடையாது. பாரசீகப் படங்களின் இந்தச் சிக்கனத்தை நாம் பெரும்பாலும் இயக்குநரின் ரசனை என்றே பேசிவிட்டுப் போகிறோம். எனக்கு அது போதவில்லை. பெண்களின் வாழ்க்கையைக் காட்டப் போகும் இடத்தில் இந்தச் சிக்கனத்துக்குப் பின்னால் ஒரு சட்டம் நிற்கிறது. அதை விட்டுவிட்டு இந்தப் படங்களைப் பேசினால் பாதிதான் பேசியதாக ஆகும்.

1979 புரட்சிக்குப் பிறகு வந்த தணிக்கை விதிகளின்படி, திரையில் வரும் பெண் தலைமுடியை மறைத்தே இருக்க வேண்டும். தெருவில் மட்டும் இல்லை. தன் வீட்டுச் சமையலறையில், கணவன் எதிரில், படுக்கையில் தூங்கும்போதும் அப்படித்தான். வீட்டுக்குள் அந்நிய ஆண் யாரும் இல்லை என்றாலும் தியேட்டரில் இருக்கிறார்களே என்பது விதியின் கணக்கு. கணவன் மனைவியாக நடிப்பவர்கள் ஒருவரை ஒருவர் தொடவும் கூடாது. நிஜத்தில் எந்த ஈரானியப் பெண்ணும் முக்காடு போட்டுக்கொண்டு படுக்கப் போவதில்லை. ஆக, வீட்டுக்குள் கேமராவை வைத்த கணமே பொய் ஆரம்பித்துவிடுகிறது. வீட்டுக்குள் படமெடுப்பதைத் தவிர்த்ததற்கு இதையே காரணமாகச் சொன்னவர் இயக்குநர் அப்பாஸ் கியரோஸ்தமி.

காரில் அந்தச் சிக்கல் இல்லை. கார் தெருவில் போகிறது, அதனால் முக்காடு இயல்பு. கண்ணாடியை ஏற்றிவிட்டால் வீட்டில்கூடப் பேச முடியாததைப் பேசலாம்.

கியரோஸ்தமியின் 'டென்' (2002) முழுக்க இப்படித்தான் நடக்கிறது. டெஹ்ரான் தெருக்களில் ஒரு பெண் கார் ஓட்டுகிறார். டேஷ்போர்டில் இரண்டு சின்ன டிஜிட்டல் கேமராக்கள். ஒன்று ஓட்டுபவரைப் பார்க்கிறது, மற்றது பக்கத்து இருக்கையை. பத்து உரையாடல்கள், பத்திலிருந்து ஒன்று வரை இறங்கும் எண்கள். முதல் உரையாடல் கால்மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. அதில் நாம் பார்ப்பது மகனை மட்டும். அவன் காதைப் பொத்துகிறான், கத்துகிறான், அம்மாவைச் சுயநலக்காரி என்கிறான். அப்பா போதைக்கு அடிமை என்று கோர்ட்டில் பொய் சொன்னாயே என்று கேட்கிறான். அப்படிச் சொன்னால்தான் ஒரு பெண்ணுக்கு விவாகரத்து கிடைக்கும் என்கிறார் அம்மா. இத்தனை நேரமும் அவர் வெறும் குரல். பையன் இறங்கிப் போன பிறகே முகத்தைப் பார்க்கிறோம். இளவயது, நல்ல உடை, களைத்த முகம். அதுவரை அந்தப் பையனின் கோபத்தை வைத்து நம் மனதில் ஒரு அம்மாவை வரைந்திருப்போம் இல்லையா, அந்தப் படம் அப்படியே உடைகிறது.

என் கேள்வி இதுதான்: ஒரு தடையிலிருந்து பிறந்த இந்த முறை பெண்களின் அன்றாடத்தை நெருங்கிக் காட்டுகிறதா, இல்லை அதிலிருந்து தள்ளி நிற்கிறதா? பார்த்தவர்கள் எழுதுங்கள்.

கோபி_திருச்சி:

நான் எதிர்க்கட்சி. காரணத்தை நீங்கள் சொன்ன விதம் புரிகிறது. ஆனால் தடையினால் வந்த ஒன்றை அழகு என்று கொண்டாடலாமா? அந்த இயக்குநர்களுக்குச் சமையலறைக்குள் போக அனுமதி இருந்திருந்தால் போயிருப்பார்கள். போக முடியாததால் காரில் உட்கார்ந்தார்கள். அதை வைத்து நாம் இங்கே தத்துவம் பேசுகிறோம்.

இன்னொன்று, பெண்களின் அன்றாடம் என்கிறீர்கள். அன்றாடம் என்றால் வேலை. துவைப்பது, சமைப்பது, பஸ் பிடிப்பது, வாடகைக்குப் பணம் புரட்டுவது. 'டென்'னில் எல்லாரும் பேசுகிறார்கள், வேலை எங்கே? எனக்கு அது வசதியான வீட்டுப் பெண்ணின் கார் உலாவாகத்தான் தெரிந்தது. தப்பாக நினைக்க வேண்டாம், உண்மையிலேயே புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

மலர்க்கொடி:

கோபி, உங்கள் கேள்வி நியாயமானது. அதற்கு நான் 'டென்'னை வைத்துப் பதில் சொல்ல மாட்டேன். மர்சியே மெஷ்கினி 2000இல் எடுத்த 'தி டே ஐ பிகேம் எ வுமன்' பாருங்கள். பாரசீக வளைகுடாவில் இருக்கும் கீஷ் தீவில் நடக்கும் மூன்று கதைகள். கதை என்று சொல்லும் அளவுக்குக்கூட இல்லை, மூன்று நிகழ்ச்சிகள்.

முதலாவதில் ஹவா என்ற சிறுமிக்கு அன்று ஒன்பது வயது பூர்த்தியாகிறது. இனி அவள் பெரிய பெண். பையன்களோடு விளையாடக் கூடாது, தலையோடு உடம்பை மூடும் சாதர் போட வேண்டும். பாட்டியிடம் கெஞ்சுகிறாள். தான் பிறந்தது நண்பகலில்தானே, அதுவரை நேரம் இருக்கிறதே என்கிறாள். பாட்டி ஒரு குச்சியைக் கொடுக்கிறார். மண்ணில் நட்டு வை, நிழல் மறையும்போது வந்துவிடு. அந்தக் குழந்தை குச்சியோடு ஓடுகிறாள், போகிற இடமெல்லாம் நட்டு நட்டு நிழலை விரலால் அளக்கிறாள். அவளோடு விளையாட வேண்டிய பையன் வீட்டுப்பாடம் முடிக்காததால் வீட்டுக்குள் பூட்டப்பட்டிருக்கிறான். கடைசியில் ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவள், ஒரே லாலிபாப்பை மாற்றி மாற்றிச் சப்புகிறார்கள். நிழல் குறுகிக்கொண்டே வருகிறது.

இடையில் இன்னொன்று நடக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. கடற்கரையில் பையன்கள் பீப்பாய்களைக் கட்டி ஒரு தெப்பம் செய்கிறார்கள். பாய் கட்டத் துணி இல்லை. ஹவா தன் தலைத்துணியைக் கழற்றிக் கொடுத்து, பதிலுக்கு ஒரு பொம்மை மீனை வாங்கிக்கொள்கிறாள். அவளுக்கு அது வெறும் துணிதான். ஒரு வசனம் கிடையாது, ஒரு அழுகை கிடையாது. இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

இரண்டாவதில் ஆஹு. கடலோரச் சாலையில் கறுப்புச் சாதரைக் காற்றில் பறக்கவிட்டுப் பெண்கள் சைக்கிள் பந்தயம் ஓடுகிறார்கள். கணவன் குதிரையில் பக்கத்திலேயே வந்து இறங்கு இறங்கு என்கிறான். அவள் மிதிக்கிறாள். அடுத்து முல்லாவை அழைத்து வருகிறான், அவரும் குதிரையில். ஓடுகிற சைக்கிளுக்குப் பக்கத்திலேயே விவாகரத்து நடக்கிறது. அவள் மிதிக்கிறாள். அப்புறம் குலத்துப் பெரியவர்கள், கடைசியில் அண்ணன் தம்பிகள் வழியை மறிக்கிறார்கள். என்ன ஆயிற்று என்பதைக் கேமரா கிட்டே போய்க் காட்டுவதில்லை, தூரத்தில் ஒரு கைகலப்பாகத் தெரிந்து நழுவுகிறது. கோபி, வேலை எங்கே என்றீர்களே, ஒரு பெண்ணின் கால்கள் இவ்வளவு வேலை செய்யும் இன்னொரு படம் எனக்கு ஞாபகம் இல்லை.

மூன்றாவதில் ஹூரா என்ற மூதாட்டி. வயதான காலத்தில் கையில் பணம் வருகிறது. வாழ்நாள் முழுக்க வாங்க முடியாததையெல்லாம் வாங்கக் கிளம்புகிறார். மறந்துபோகாமல் இருக்க விரல்களில் துணி நாடாக்களைக் கட்டியிருக்கிறார், ஒரு நாடாவுக்கு ஒரு பொருள். குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், கட்டில், பாத்திரம் எல்லாம் வாங்கிப் பையன்கள் வண்டியில் தள்ளிக்கொண்டு வந்து கடற்கரையில் இறக்குகிறார்கள். சுவர் இல்லாத, கூரை இல்லாத ஒரு வீடு மணலில் உருவாகிறது. எல்லாம் வாங்கியும் ஒரு விரலில் நாடா மிச்சம் இருக்கிறது, அது எதற்கென்று அவருக்கு நினைவு வரவில்லை.

வாசவி கேட்ட கேள்விக்கு இதுவே ஒரு பதில். கேமரா வீட்டுக்குள் போக முடியாது என்றால், வீட்டையே வெளியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார் மெஷ்கினி.

சேது:

நல்ல பதிவு மலர்க்கொடி. தொழில்நுட்பப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

'டென்' சமயத்தில் கியரோஸ்தமி சிறிய டிஜிட்டல் கேமராவுக்கு மாறியது பணத்தை மிச்சம் பிடிக்க மட்டும் இல்லை. பெரிய கேமரா, விளக்கு, கிளாப் அடிக்கும் ஆள் எல்லாம் சூழ்ந்திருந்தால் நடிகர் அல்லாத ஒருவர் விறைத்துவிடுவார். காருக்குள் யாருமே இல்லை, கேமரா தானாக ஓடுகிறது என்றால் பேச்சின் தரமே மாறிவிடும். இயக்குநர் அந்த இடத்தில் இல்லாமல் இருப்பதும் இயக்கத்தின் ஒரு பகுதி என்பதை அவர் அங்கே சோதித்துப் பார்த்தார்.

'ஷிரின்' (2008) இன்னும் தீவிரம். நூற்றுக்கும் மேற்பட்ட நடிகைகள், அவர்களில் ஜூலியட் பினோஷும் ஒருவர், இருட்டில் உட்கார்ந்து ஒரு படம் பார்க்கிறார்கள். பாரசீகக் கவிஞர் நிஜாமி எழுதிய குஸ்ரோ ஷிரின் காதல் கதை. அந்தப் படம் நமக்குக் காட்டப்படுவதே இல்லை, ஒலி மட்டும் கேட்கிறது. நாம் பார்ப்பதெல்லாம் அந்தப் பெண்களின் முகங்கள். ஒருவர் உதட்டைக் கடிக்கிறார், ஒருவர் முக்காட்டைச் சரிசெய்கிறார், ஒருவர் கண் நிறைகிறது. உண்மையில் அவர்கள் எந்தப் படத்தையும் பார்க்கவில்லை. கியரோஸ்தமியின் வீட்டு அறையில் சிலர் சிலராக உட்கார வைத்து எடுத்தது. ஒவ்வொருவரும் தன் மனதுக்குள் ஓடிய எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோபி கேட்ட கேள்விக்கு வருகிறேன். தடையை யாரும் கொண்டாடவில்லை. தடை இருக்கும்போது அதற்குள் பொய் சொல்லாமல் இருப்பது எப்படி என்று ஒருவர் வழி கண்டுபிடித்தால் அந்த வழியை மதிக்கலாம். 'டென்'னில் ஒரு பெண்ணைக் காதலன் கைவிட்டுவிடுகிறான். அடுத்த முறை காரில் ஏறும்போது அவள் முக்காட்டைத் தளர்த்துகிறாள், உள்ளே மொட்டைத் தலை. விதி சொன்னது முடியைக் காட்டாதே என்றுதான். அங்கே முடியே இல்லை. தணிக்கையைத் தாண்டிய அந்தக் காட்சி, அந்தப் பெண்ணின் துக்கத்தையும் அதே வேகத்தில் நமக்குள் இறக்கிவிடுகிறது.

கோபி_திருச்சி:

மொட்டைத் தலைக் காட்சிக்குத் தலைவணங்குகிறேன். அதை நான் அப்படி யோசிக்கவில்லை. மெஷ்கினி படம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

காயல்மகள்:

நான் அதிகம் எழுதுவதில்லை, ஆனால் இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நானே முக்காடு போடுகிறவள், எனக்கு அது பிடித்துப் போடுவது. ஈரானியப் படங்கள் பற்றிய பேச்சு வந்தாலே துணி என்றால் சிறை, துணி கழன்றால் விடுதலை என்று எளிதாக முடித்துவிடுகிறார்கள். இந்த இயக்குநர்கள் அப்படி முடிப்பதில்லை, அதனால்தான் எனக்கு இவர்களைப் பிடிக்கும்.

'டென்'னிலேயே ஒரு வயதான அம்மா வருகிறார். தினமும் தர்காவுக்குப் போய்த் தொழுகிறவர். காரில் ஏறியதும் ஓட்டுகிற பெண்ணையும் உள்ளே வரச் சொல்லி வற்புறுத்துகிறார், காரை நான் பார்த்துக்கொள்கிறேன் நீ போய் வா என்கிறார். அவரைக் கிண்டல் செய்யும் ஒரு ஷாட்கூட இல்லை. பிறகு அந்த நவநாகரிகப் பெண்ணும் அதே இடத்துக்குப் போய் வருவதாகச் சொல்கிறாள், மனசு கொஞ்சம் அமைதியாகிறது என்கிறாள். நம்பிக்கையும் கேள்வியும் ஒரே காரில் உட்கார்ந்து போகின்றன.

அஸ்கர் ஃபர்ஹாதியின் 'எ செபரேஷன்' (2011) சிக்கனப் படம் இல்லை, தெரியும். ஆனால் அதில் வரும் ரஸியேயை இங்கே சேர்த்தே ஆக வேண்டும். கர்ப்பிணி, முதியவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வருகிறாள், கூடவே தன் சிறுமியையும் அழைத்துக்கொண்டு. அந்தத் தாத்தா உடையிலேயே சிறுநீர் கழித்துவிடுகிறார். அந்நிய ஆண், தொடலாமா? அவள் உடனே மார்க்கச் சட்டம் சொல்லும் தொலைபேசி எண்ணுக்கு அழைத்துக் கேட்கிறாள். வேறு யாரும் இல்லை, அவர் நனைந்தபடி இருக்கிறார், நான் மாற்றிவிட்டால் பாவமாகுமா என்று. பக்கத்தில் நிற்கும் குழந்தை, அப்பாவிடம் சொல்ல மாட்டேன் என்கிறாள். வறுமை, ஈமான் எனும் இறைநம்பிக்கை, கணவன் மீதான பயம், தாத்தா மீதான இரக்கம் எல்லாம் அந்த ஒரு போன் அழைப்பில் இருக்கிறது. இதை வெளியிலிருந்து பார்ப்பவர் எழுதவே முடியாது.

கட்டாயப்படுத்துவதைத்தான் எதிர்க்க வேண்டும். போடு என்று கட்டாயப்படுத்தினாலும் கழற்று என்று கட்டாயப்படுத்தினாலும் எனக்கு ஒன்றுதான்.

வாசவி:

காயல்மகள், இதைத்தான் நான் எதிர்பார்த்தேன், என்னால் எழுத முடியாத பக்கம் இது. அடிக்கடி எழுதுங்கள் அக்கா.

நிலா:

'டென்'னைப் புகழும் எல்லாரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டுப் போகிறீர்கள். அதைச் சொல்லாமல் பெண்களின் அன்றாடம் என்று பேசுவது எனக்கு உறுத்துகிறது.

காரை ஓட்டும் பெண் மானியா அக்பரி. காரில் கத்தும் பையன் அவருடைய சொந்தப் பிள்ளை. அந்தச் சண்டை அவர்கள் வீட்டில் நிஜமாகவே நடந்த விவாகரத்தின் சண்டை. அந்தக் காட்சிப் பதிவுகள் தன்னுடையவை என்றும் கியரோஸ்தமி அவற்றைத் தன் பெயரில் படமாக்கிக்கொண்டார் என்றும் அக்பரி பின்னாளில் வெளிப்படையாகக் குற்றம்சாட்டினார். அந்தப் பிள்ளை இன்று திருநங்கையாக, அமினா மாஹேர் என்ற பெயரில் சொந்தமாகப் படம் எடுக்கிறார். தன் ஒப்புதல் இல்லாமல் தன்னைப் படம் பிடித்தார்கள் என்று அவரும் சொல்லியிருக்கிறார். படத்தைத் திரையிட வேண்டாம் என்று இருவரும் கேட்டார்கள். கியரோஸ்தமி 2016இல் இறந்துவிட்டார், பதில் சொல்ல அவர் இல்லை.

நான் தீர்ப்பு சொல்லவில்லை. ஆனால் இயக்குநரே இல்லாத கார், தானாக ஓடும் கேமரா என்று சேது ரசித்து எழுதினார். இயக்குநர் அங்கே இல்லை என்றால் அந்த வார்த்தைகள் யாருடையவை? அந்த வலி யாருடையது? சிக்கனப் படத்தில் திரைக்கதை என்று பெரிதாக ஒன்றும் இருக்காது, நடிப்பவரின் வாழ்க்கையே திரைக்கதை. அப்படியென்றால் எழுத்தாளர் என்ற பெயரில் பங்கு யாருக்குப் போக வேண்டும்?

அக்பரி அப்புறம் தானே இயக்குநரானார். '20 ஃபிங்கர்ஸ்' (2004) ஒரு ஆணும் பெண்ணும் பேசிக்கொண்டே இருக்கும் படம். அதன் பிறகு மார்பகப் புற்றுநோய் வந்தபோது '10+4' எடுத்தார், மறுபடியும் வாகனத்துக்குள் பேச்சுகள், இந்த முறை தன் நோயைப் பற்றி. இந்த இரண்டையும் 'டென்'னோடு சேர்த்துப் பாருங்கள். அதே முறை, ஆனால் எதைச் சொல்வது எங்கே நிறுத்துவது என்பதை முடிவு செய்கிறவர் அந்தப் பெண்ணே.

சேது:

நிலா சொல்வது முக்கியமானது. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, ஆனால் இனி அந்தப் படத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் அக்பரியின் பெயரைப் படைப்பாளியாகவே சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். நடித்தவர் என்று ஒரு வரியில் முடித்துவிடக் கூடாது.

கணேசன்_திரைச்சங்கம்:

பிள்ளைகளே, எல்லாரும் 1990களுக்குப் பிறகே பேசுகிறீர்கள். கொஞ்சம் பின்னால் போவோம்.

ஃபொரூக் ஃபரோக்சாத் என்ற கவிஞர், 1962இல் தப்ரீஸ் அருகே தொழுநோயாளிகளுக்கான குடியிருப்புக்குப் போய் 'தி ஹவுஸ் இஸ் பிளாக்' என்ற ஆவணப்படம் எடுத்தார். இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். அவர் முடித்து இயக்கிய படம் அது ஒன்றுதான். 1967இல், 32 வயதில் கார் விபத்தில் இறந்துபோனார். அங்கே இருந்த ஒரு சிறுவனைத் தன் மகனாக வளர்க்க அழைத்து வந்ததும் அவர்தான்.

ஆரம்பத்திலேயே ஒரு பெண் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கிறாள். நோய் தின்ற முகம். கேமரா மெல்ல நெருங்குகிறது, அவளும் விலகவில்லை, நாமும் விலக முடியாது. பின்னால் வகுப்பறை. அழகான நாலு பொருள் சொல் என்கிறார் ஆசிரியர். நிலா, சூரியன், பூக்கள், விளையாட்டு என்று ஒரு பையன் சொல்கிறான். அசிங்கமானதைச் சொல் என்றதும் இன்னொருவன் கை, கால், தலை என்கிறான், வகுப்பே சிரிக்கிறது. இந்த நேர்மைதான் பின்னால் வந்த எல்லாருக்கும் அடித்தளம் என்பது என் கருத்து.

கியரோஸ்தமியின் 'தி விண்ட் வில் கேரி அஸ்' (1999) தன் தலைப்பை எடுத்துக்கொண்டது ஃபொரூக்கின் கவிதையிலிருந்துதான். நகரத்திலிருந்து வந்தவன் பால் வாங்க ஒரு நிலவறைக்குள் இறங்குகிறான். கும்மிருட்டு. ஒரு பெண் லாந்தர் வெளிச்சத்தில் பசுவைக் கறக்கிறாள். அவன் அந்தக் கவிதையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறான், முகத்தைக் காட்டச் சொல்கிறான். அவள் கடைசிவரை காட்டவே இல்லை, கறப்பதையும் நிறுத்தவில்லை. கோபி தம்பி, வேலை எங்கே என்று கேட்டீர்களே, அங்கே இருக்கிறது. கவிதை சொல்கிறவன் சும்மா நிற்கிறான், பெண் வேலை செய்கிறாள், பாத்திரம் நிறைகிறது. நகரத்து ஆணின் அந்தத் துழாவும் பார்வை எவ்வளவு அசௌகரியமானது என்பதையும் படமே நமக்கு உணர்த்திவிடுகிறது.

தாமரை:

கணேசன் ஐயா சொன்னதோடு எனக்கு ஒத்துப்போகிறது, ஆனால் இந்த இழையில் ஒரு பெரிய பெயர் இன்னும் வரவில்லை. ரக்‌ஷான் பனி எத்தெமாத் என்ற பெண் இயக்குநர். அவர் வீட்டுக்குள் போனார். முக்காடு இருக்கிறதே என்று தயங்கி நிற்கவில்லை.

'அண்டர் த ஸ்கின் ஆஃப் த சிட்டி' (2001) பார்த்தால் வாசவியின் முதல் பதிவில் நான் ஏன் முழுசாக உடன்படவில்லை என்று புரியும். தூபா என்ற பெண், நெசவு ஆலைத் தொழிலாளி, பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டே இருக்கிறவர். கோலாப் அதீனே நடித்திருக்கிறார். வேலை முடிந்து வந்தால் வீட்டில் வேலை. கணவர் உடம்பு முடியாதவர். மூத்த மகன் ஜப்பானுக்குப் போய்ச் சம்பாதிக்க விசா வாங்கத் துடிக்கிறான், அதற்காக அப்பாவும் மகனும் சேர்ந்து தூபாவுக்குத் தெரியாமல் வீட்டையே விற்றுவிடுகிறார்கள். அவர் உழைப்பில் நின்ற வீடு. பக்கத்து வீட்டில் ஒரு பெண்ணை அண்ணன் அடிக்கிற சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்கிறது. ஆம், வீட்டுக்குள்ளும் தூபா முக்காட்டோடுதான் இருக்கிறார். ஆனால் அவர் கை ஓயாமல் எதையாவது செய்துகொண்டே இருப்பதால் பத்து நிமிடத்தில் அந்தத் துணி என் கண்ணில் படுவதே நின்றுவிட்டது. விதி பொய் சொல்ல வைத்தாலும் ஒரு நல்ல இயக்குநரும் நல்ல நடிகையும் அந்தப் பொய்க்குள்ளேயே உண்மையை நிரப்ப முடியும்.

தொடக்கத்தில் ஒரு டிவி குழு தேர்தலைப் பற்றித் தொழிலாளிப் பெண்களைப் பேட்டி எடுக்கிறது. தூபாவுக்கு வார்த்தை தடுமாறுகிறது. கடைசியில் மறுபடியும் கேமரா வருகிறது, அதே தடுமாற்றம், கருவியில் கோளாறு, திரும்பச் சொல்லுங்கள் என்கிறார்கள். அப்போது அவர் வெடிக்கிறார். இங்கே என் மனசுக்குள் நடப்பதை யாராவது வந்து படம் எடுத்தால் தேவலை, இந்தப் படங்களையெல்லாம் யாருக்குத்தான் காட்டுகிறீர்கள் என்று கேட்கிறார். அந்தக் கேள்வி டிவிக்காரர்களுக்கு மட்டும் இல்லை. திருவிழாக்களில் விருது வாங்கும் படங்களுக்கும் சேர்த்துத்தான்.

அப்புறம் தாரியுஷ் மெஹ்ர்ஜுயியின் 'லைலா' (1997). குழந்தை பிறக்காது என்று தெரிந்த மருமகளிடம் மாமியார் தினம் தினம் போன் செய்து, மகனுக்கு இரண்டாம் கல்யாணம் நீயே செய்து வை என்று நச்சரிக்கிறார். கணவனுக்கு விருப்பமே இல்லை. ஆனாலும் அவளே கூடப் போய், அவன் உள்ளே பெண் பார்த்துவிட்டு வரும்வரை வெளியே காத்திருக்கிறாள். வந்ததும் எப்படி இருந்தாள் என்று கேட்கிறாள், இரண்டு பேரும் சிரிக்கவும் செய்கிறார்கள். மருமகளாக நடித்த லைலா ஹாதமியின் அந்த அமைதி என்னை உலுக்கிவிட்டது. அடியும் இல்லை, திட்டும் இல்லை. எல்லாரும் அன்பாகவே பேசுகிறார்கள். அந்த அன்புதான் அவளை ஒவ்வொரு படியாக வீட்டை விட்டு வெளியே தள்ளுகிறது.

முரளி_கால்பந்து:

இயக்குநர் ஜாஃபர் பனாஹியை யாரும் தொடவில்லையே! நான் சினிமாக்காரன் இல்லை, கால்பந்து வழியாக 'ஆஃப்சைட்' (2006) பார்த்தவன்.

ஆண்கள் ஆடும் ஆட்டத்துக்குப் பெண்கள் மைதானத்துக்குள் போக முடியாத காலம். 2005 ஜூனில் டெஹ்ரான் ஆசாதி மைதானத்தில் ஈரான் பஹ்ரைன் ஆட்டம், ஜெயித்தால் உலகக் கோப்பைக்குத் தகுதி. ஆண் வேடம் போட்டு வந்த பெண்களைப் பிடித்து, மைதானத்துக்கு வெளியே மேலே ஒரு கம்பித் தடுப்புக்குள் நிறுத்துகிறார்கள். நிஜ ஆட்டம் நடந்த அன்றே அங்கே போய்ப் படம் பிடித்திருக்கிறார்கள். நமக்கு ஆட்டம் தெரியாது. கூட்டத்தின் கூச்சல் மட்டும் கேட்கும். காவலுக்கு நிற்கும் சிப்பாய் எட்டிப் பார்த்து வர்ணனை சொல்கிறான், அந்தப் பெண்களுக்கோ அவனைவிட ஆட்டம் தெரியும், பெயர் மாற்றிச் சொன்னால் திருத்துகிறார்கள்.

ஒரு பெண்ணுக்குக் கழிப்பறை போக வேண்டும். பெண்களுக்கு என்று கழிப்பறையே அங்கே இல்லை, பெண்களே வரக் கூடாத இடத்தில் எப்படி இருக்கும்! ஒரு வீரரின் போஸ்டரில் கண்ணுக்கு ஓட்டை போட்டு முகமூடி மாதிரி மாட்டி அழைத்துப் போகிறான் சிப்பாய். சுவரில் எழுதியிருக்கும் கெட்ட வார்த்தைகளைப் படிக்காதே, கண்ணை மூடிக்கொள் என்கிறான். ஒரு தடையின் முழுப் பைத்தியக்காரத்தனமும் அந்த ஒரு கழிப்பறையில் தெரிந்துவிடுகிறது. சிப்பாயும் பாவம், கிராமத்திலிருந்து வந்தவன், அவன் கவலை வீட்டு மாடுகளைப் பற்றி.

படம் வெளிவந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2019 செப்டம்பரில், மைதானத்துக்குள் நுழைய முயன்றதற்காக வழக்கில் மாட்டிய சஹர் கொதாயாரி என்ற இளம் பெண் நீதிமன்றத்துக்கு வெளியே தீக்குளித்து இறந்தார். அடுத்த மாதம் கம்போடியாவுக்கு எதிரான ஆட்டத்துக்குப் பெண்கள் டிக்கெட் வாங்கி உள்ளே போனார்கள். ஈரான் 14-0 என்று ஜெயித்த ஆட்டம் அது. ஸ்கோர் எனக்குப் பெரிதாகப் படவில்லை, அந்தப் பெண்கள் உட்கார்ந்திருந்த பகுதியின் சத்தம் டிவியில் கேட்டதுதான் மனதில் நிற்கிறது.

நிலா:

பனாஹியின் 'தி சர்க்கிள்' (2000) சேர்த்துக்கொள்ளுங்கள் முரளி. வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கியது, ஈரானில் தடை. கறுப்புத் திரை, பிரசவ வலியில் கத்தும் குரல். மருத்துவமனைக் கதவின் சின்ன ஜன்னல் திறக்கிறது, பெண் குழந்தை என்கிறார் நர்ஸ். பாட்டி நம்பவில்லை, ஸ்கேனில் பையன் என்றார்களே, சம்பந்தி வீட்டார் விவாகரத்து கேட்பார்களே என்று பதறுகிறார். அங்கிருந்து ஒரு பெண்ணிடமிருந்து அடுத்த பெண்ணுக்குப் படம் கைமாறிக்கொண்டே போகிறது. சிறையிலிருந்து வந்த ஒரு இளம் பெண் ஊருக்குப் போக பஸ் டிக்கெட் வாங்கப் படும் பாடு இருக்கிறதே! துணைக்கு ஆண் இல்லை, அடையாளச் சீட்டு இல்லை. படம் முழுக்க யாராவது ஒரு பெண் சிகரெட் பற்ற வைக்கப் பார்க்கிறாள், ஏதோ ஒன்று தடுக்கிறது. கடைசியில் ஒருத்தி மட்டும் நிம்மதியாகப் பிடிக்கிறாள், போலீஸ் வண்டிக்குள் கைதியாக உட்கார்ந்து.

கோபி கேட்ட பஸ் பிடிப்பது இதோ. அங்கே பஸ் பிடிப்பதே ஒரு முழு நாடகம்.

கோபி_திருச்சி:

மெஷ்கினி படம் பார்த்துவிட்டேன். மலர்க்கொடி சொல்லாத ஒன்று: ஹூரா வாங்கிய பொருட்களில் ஒரு கண்ணாடித் தேநீர்க் குடுவை இருக்கிறது. உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிகிறதே, வெட்கங்கெட்டது என்று முகம் சுளிக்கிறார். வாழ்நாள் முழுக்க உள்ளே இருப்பது வெளியே தெரியக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர் ஒரு பாத்திரத்தைக்கூட அப்படித்தான் பார்ப்பார். இந்த மாதிரிச் சின்னச் சின்ன இடங்களைக் கவனிக்கப் பழகாமல் படத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தாமரை சொன்ன தூபாதான் இன்னும் எனக்கு நெருக்கமாகத் தெரிகிறார், அடுத்து அதுதான்.

ஒரு கேள்வி. இப்போது நிலைமை என்ன? இன்னும் காரில்தான் உட்கார்ந்திருக்கிறார்களா?

வாசவி:

இல்லை கோபி, மாறிவிட்டது, அதுவும் பெரிய விலை கொடுத்து.

2022 செப்டம்பரில் மாஹ்சா அமினி என்ற 22 வயதுப் பெண், முக்காடு சரியாக இல்லை என்று ஒழுக்கக் காவலர்களால் பிடிக்கப்பட்டு, காவலில் இருந்தபோது மயங்கி விழுந்து இறந்தார். பெண், வாழ்வு, விடுதலை என்ற முழக்கம் நாடெங்கும் எழுந்தது. அந்த டிசம்பரில் திருவனந்தபுரம் திரைப்பட விழாவில் விருது பெறவிருந்த ஈரானிய இயக்குநர் மஹ்னாஸ் மொஹம்மதியால் நாட்டை விட்டு வர முடியவில்லை. தன் தலைமுடியில் ஒரு கற்றையை வெட்டி அனுப்பிவைத்தார், மேடையில் அதைத் தூக்கிக் காட்டினார்கள். இங்கே சிலர் அந்த அரங்கில் இருந்திருப்பீர்கள்.

'மை ஃபேவரிட் கேக்' (2024) பாருங்கள். மரியம் மொகத்தம், பெஹ்தாஷ் சனயீஹா இருவரும் இயக்கியது. மாஹின் என்ற எழுபது வயது விதவை, டெஹ்ரானில் தனியாக வாழ்கிறார். தாமதமாக எழுகிறார், செடிக்குத் தண்ணீர் விடுகிறார், தோழிகளை அழைத்துச் சாப்பாடு போடுகிறார், வெளிநாட்டில் இருக்கும் மகளோடு போனில் பேசுகிறார். ஒரு நாள், தன் வயதுக்காரரான ஒரு டாக்சி ஓட்டுநரைத் தானே வீட்டுக்கு அழைத்து வருகிறார். மீதியைச் சொல்ல மாட்டேன். முக்கியம் என்னவென்றால், வீட்டுக்குள் மாஹின் முக்காடு இல்லாமல் இருக்கிறார். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து கண்ணுக்கு மை தீட்டுகிறார், தலை சீவுகிறார், சேர்ந்து ஆடுகிறார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் திரையில் இல்லாத ஒரு சாதாரண ஈரானிய வீடு. இயக்குநர்களின் பாஸ்போர்ட்டைப் பறித்துவிட்டார்கள், பெர்லின் விழாவுக்கு அவர்களால் போக முடியவில்லை. பிறகு வழக்கும் தண்டனையும் வந்தது. பனாஹி அனுமதி வாங்காமல் எடுத்து 2025இல் கான் விழாவில் தங்கப் பனை வென்ற 'இட் வாஸ் ஜஸ்ட் அன் ஆக்சிடென்ட்' படத்திலும் பெண்கள் முக்காடு இல்லாமலே வருகிறார்கள்.

தாமரை:

மாஹினைப் பற்றி ஒன்று மட்டும். பூங்காவில் ஒழுக்கக் காவலர்கள் ஒரு இளம் பெண்ணை வண்டியில் ஏற்றப் பார்க்கும்போது, மாஹின் குறுக்கே போய் நின்று சண்டை போடுகிறார். அதற்கப்புறம் அந்தப் பெண்ணிடம் பேசும் விதத்தைப் பாருங்கள், நீ எவ்வளவு பணிகிறாயோ அவ்வளவு மிதிப்பார்கள் என்கிற மாதிரி சொல்வார். புரட்சிக்கு முன்னால் எப்படி உடுத்தினோம், எங்கே ஆடினோம் என்பது நினைவில் இருக்கும் தலைமுறை அது. அவர்களைப் பற்றிப் படமே இல்லை. இளம் பெண்கள், சிறுமிகள், இளம் தாய்மார்கள் எல்லாரும் வந்தாயிற்று. தனியாக வாழும் மூதாட்டிகள் வேறு எந்த ஈரானியப் படத்தில் மையமாக வருகிறார்கள் என்று யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். மெஷ்கினியின் ஹூராவைத் தவிர எனக்கு உடனே யாரும் ஞாபகம் வரவில்லை.

காயல்மகள்:

தாமரை, மூதாட்டி இல்லை, ஆனால் இந்த வரிசையில் வைக்க வேண்டிய ஒரு அம்மா இருக்கிறார். சமீரா மக்மல்பாஃப் பதினேழு வயதில் எடுத்த 'தி ஆப்பிள்' (1998). இரட்டைச் சிறுமிகளைப் பதினோரு ஆண்டுகளாக வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்த டெஹ்ரான் குடும்பம், அந்தக் குடும்பமே நடித்தது. எல்லாரும் அந்தச் சிறுமிகளைப் பற்றியே எழுதுவார்கள். அவர்களின் அம்மா பார்வையற்றவர், முகமே தெரியாமல் சாதரில் மூடி, படம் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். சமூகப் பணியாளரான பெண் வந்து அப்பாவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, கம்பியை அறுக்க ரம்பத்தை அவர் கையிலேயே கொடுக்கிறார். கதவு திறந்து எல்லாரும் வெளியே போன பிறகு மிச்சம் இருப்பது அந்த அம்மா மட்டும். யாரும் அவரைப் பூட்டி வைத்ததாகவே நினைக்கவில்லை. அந்தப் படத்தைப் பற்றித் தனி இழை ஒன்று தொடங்குங்கள் வாசவி, அந்த அம்மாவைப் பற்றி நான் நிறைய எழுத வேண்டும்.